தீராது என்று யார் சொன்னது?

மனச்சிதைவு நோயைப் பற்றி நம்மிடையே ஒரு தீர்ப்பு நெடுங்காலமாக வழங்கிவருகிறது. வந்தால் போகாது, நாளுக்கு நாள் முற்றும், படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அத்தோடு முடிந்தது, பெற்றவர்கள் இருக்கும்வரை பார்த்துக்கொள்வார்கள், பிறகு ஏதாவது ஒரு காப்பகம்தான் கதி. இதைச் சொல்பவர்கள் கொடியவர்கள் அல்லர். நோய் வந்த வீட்டுக்கு ஆறுதல் சொல்ல வரும் உறவினர்கள் சொல்கிறார்கள். வரன் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். “மனசைத் தேத்திக்கோங்க” என்ற பரிவோடு சில மருத்துவர்களே சொல்கிறார்கள். இத்தனை பேர் இத்தனை காலமாகச் சொல்லிவந்ததால், அது மருத்துவம் கண்டறிந்த உண்மை போலவே நிலைபெற்றுவிட்டது.

அது உண்மை அல்ல. நோயாளிகளைப் பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு எனப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் அதைப் பொய்யாக்கியிருக்கின்றன. அந்த ஆய்வுகளுள் ஒன்று நம் சென்னையிலேயே நடந்தது. இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன்: தீராது என்ற இந்த நம்பிக்கைதான் நோயாளிகளில் பலரைத் தேற விடாமல் வைத்திருக்கிறது.

நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டுவது என் நோக்கமல்ல. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் முடிவிலோ இருபதுகளிலோ தொடங்குகிறது. யாரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கின்றன. தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற ஐயம் எந்தச் சமாதானத்துக்கும் அசைவதில்லை. எண்ணங்கள் கோவை இழக்கின்றன. குளிக்க, உடுக்க, நண்பர்களோடு பேச இருந்த ஆர்வமெல்லாம் வற்றிப்போகிறது. இந்நோய் உள்ளவர்களின் ஆயுட்காலம் மற்றவர்களைவிடச் சராசரியாகப் பதினைந்து ஆண்டுகள் அளவுக்குக் குறைவு. இத்தனையும் மெய். இவற்றிலிருந்து “ஆகவே தீராது” என்ற முடிவுக்குத் தாவுவதுதான் பிழை.

அந்த முடிவு எங்கிருந்து வந்தது? 1890களில் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் இந்நோயை முதன்முதலாகத் தனித்து வகைப்படுத்தினார். இளமையில் தொடங்கி அறிவை அரித்து முடிக்கும் நோய் என்று அதற்கு இலக்கணம் வகுத்தார். நோய் எப்படி முடிகிறது என்பதையே நோயை அடையாளம் காணும் அளவுகோலாக வைத்தார். தேறியவர்கள் சிலரை அவரே குறிப்பிட்டிருந்தாலும், பின்வந்தவர்கள் அழிவை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள். அவர் பார்த்த நோயாளிகள் வாழ்ந்த இடத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். அன்றைய மனநோய் விடுதிகளில் மருந்து கிடையாது. முதல் பயனுள்ள மருந்தான குளோர்புரோமசின் 1952இல்தான் பாரிசில் மனநோயாளிகளுக்குத் தரப்பட்டது. பூட்டிய கதவுக்குள் ஆண்டுக்கணக்கில் வேலையின்றி, உறவின்றி, பேச்சுத்துணையின்றி வைக்கப்பட்டால் நோயே இல்லாதவர்கூட நலிந்துபோவார். அந்த நலிவு முழுவதும் நோயின் கணக்கில் எழுதப்பட்டது.

இந்தக் கணக்கைத் திருத்திய ஆய்வுகளுள் முதன்மையானது அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடந்தது. அம்மாநில மனநல மருத்துவமனையில், இனி தேறவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்டுப் பின்கட்டு வார்டுகளில் கிடந்த 269 பேரை 1950களில் மறுவாழ்வுத் திட்டம் ஒன்றில் சேர்த்து ஊருக்குள் அனுப்பினார்கள். அவர்கள் சராசரியாகப் பதினாறு ஆண்டுகள் நோயோடு இருந்தவர்கள். தொடர்ந்து ஆறு ஆண்டுகள் மருத்துவமனைக்குள்ளேயே கழித்தவர்கள். ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்குப் பிறகு கோர்ட்னி ஹார்டிங்கும் அவருடைய குழுவினரும் அவர்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தார்கள். 1987இல் வெளியான முடிவு இது: பாதிக்கும் மேற்பட்டோர் வெகுவாகத் தேறியிருந்தார்கள், அல்லது முழுவதும் குணமடைந்திருந்தார்கள்.

பிறகு அதே குழுவினர் மற்றொரு மாநிலமான மெய்னில் வயது, பால், நோய் எல்லாம் ஒத்த நோயாளிகளைத் தேர்ந்து ஒப்பிட்டார்கள். மெய்னில் வெர்மான்ட்டைப் போன்ற மறுவாழ்வுத் திட்டம் நடக்கவில்லை. அங்கே தேறியவர்கள் குறைவு. வேலையில் இருந்தவர்களும் குறைவு. நோய் அதே நோய்தான். கிடைத்த பராமரிப்பு வேறு, விளைந்த வாழ்க்கையும் வேறு.

“அமெரிக்காவில் நடந்தது நம் ஊருக்குப் பொருந்துமா?” என்று கேட்பார்கள். பொருந்துமா என்பதற்கு நம் ஊரிலேயே விடை இருக்கிறது. 1981-82இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு முதல்முறையாக மனச்சிதைவோடு வந்த 90 பேரை மருத்துவர்கள் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா உள்ளிட்டோர் பின்தொடரத் தொடங்கினார்கள். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பின் வழியாக அப்பணி இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்தது. இருபதாம் ஆண்டில் பார்த்தபோது, இடைவிடாமல் நோயின் பிடியிலேயே இருந்தவர்கள் ஒரு சிலர்தான். பெரும்பாலோருக்கு நோய் வந்து, தணிந்து, சிலபோது மீண்டும் தலைகாட்டி, மீண்டும் தணிந்திருந்தது. இடைப்பட்ட காலத்தில் அவர்கள் வேலை பார்த்தார்கள். கணிசமானோர் திருமணம் செய்துகொண்டார்கள். அந்த 90 பேரில் இறந்தவர்களும் உண்டு, தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. ஆனால் சரிவு ஒன்றே விதி என்ற கூற்றுக்கு அந்த ஆய்வில் இடமில்லை.

இருபதாண்டுகளும் அதற்கு மேலும் நோயாளிகளைப் பின்தொடர்ந்த பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2022இல் வெளியானது. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் முழுவதும் தேறியிருந்தார். காலம் செல்லச் செல்ல நோய் முற்றிக்கொண்டே போகும் என்ற கருத்துக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை.

அப்படியானால் கண்ணால் காண்பது ஏன் வேறாக இருக்கிறது? சாலையோரம் கந்தலோடு திரிபவரை நாம் எல்லோரும் பார்க்கிறோம்; தேறியவர் ஒருவரையும் பார்த்ததில்லையே? இதற்கான விடையைப் பாட்ரிசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984இல் மருத்துவர்களைப் பற்றிச் சொன்னார்கள். ஒரு மருத்துவர் தம் புறநோயாளிப் பிரிவில் திரும்பத் திரும்பச் சந்திப்பது நீண்டகாலமாக நோய் நீடிக்கிறவர்களை. ஓரிரு ஆண்டுகளில் தேறியவர் திரும்ப வருவதில்லை. எனவே இருபதாண்டு அனுபவமுள்ள மருத்துவரின் மனத்தில்கூடத் தேறாதவர்களின் முகங்களே நிறைந்திருக்கும். அனுபவம்தான் அவரைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்கிறது.

மருத்துவருக்கு நேர்வது சமூகத்துக்கு இன்னும் அழுத்தமாக நேர்கிறது. நம்மிடையே தேறியவர்கள் மறைந்து வாழ்கிறார்கள். பள்ளியில் கணக்குச் சொல்லித்தரும் ஆசிரியர் தாம் இரவில் விழுங்கும் மாத்திரை எதற்கானது என்று சக ஆசிரியர்களிடம் சொல்ல முடியாது. சொன்னால் அடுத்த நாளே பெற்றோர் கூட்டம் கூடும். மளிகைக் கடை நடத்துபவர் சொன்னால் வாடிக்கை போகும். தங்கைக்கு வரன் அமையாது என்று அண்ணனின் நோய் பத்தாண்டுகளாக வீட்டுக்குள்ளேயே பொத்திவைக்கப்படும். தேறியவரை வாய் திறக்க விடாமல் செய்துவிட்டு, தேறியவரே இல்லை என்று சாதிக்கிறோம். தனக்கு எதிரான சாட்சிகளைத் தானே அடைத்துவைத்திருக்கும் நம்பிக்கை இது. அது தந்த தீர்ப்பை எப்படி ஏற்பது?

மறுதரப்பில் உறுதியான வாதம் ஒன்று உண்டு. அதைத் தவிர்த்துவிட்டுப் போக நான் விரும்பவில்லை. 2013இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு ஐம்பது ஆய்வுகளை அலசி, தேறியவர்கள் 13.5 சதவீதம்தான் என்றது. ஏழு பேருக்கு ஒருவர். “பார்த்தீர்களா, சொன்னோமே” என்று இதைக் காட்டுவார்கள். அந்த ஆய்வு எதை அளந்தது என்று பார்க்க வேண்டும். நோய்க்குறிகள் அடங்கியிருந்தால் மட்டும் போதாது. வேலை, உறவு, சமூக வாழ்வு ஆகியவற்றிலும் நன்றாக இருக்க வேண்டும். இவற்றில் ஒன்றாவது இரண்டாண்டுகளுக்குக் குறையாமல் நீடித்திருக்க வேண்டும். கடுமையான அளவுகோல், நேர்மையான அளவுகோலும்கூட. ஆனால் குரல்கள் ஓய்ந்த பிறகும் ஒருவருக்கு வேலை இல்லை என்றால், அதற்கு அவர் மூளை மட்டுமா காரணம்? வேலை தர மறுத்தவர் காரணமில்லையா? நண்பர்கள் இல்லை என்றால், விலகிப்போன நண்பர்களுக்கு அதில் பங்கில்லையா? அந்த 13.5 சதவீதத்தில் நோயின் வலிமையோடு சமூகத்தின் புறக்கணிப்பும் சேர்ந்தே அளக்கப்பட்டிருக்கிறது. நாம் மாறினால் அந்த எண்ணும் மாறும்.

இன்னொரு வாதம் மாத்திரையைப் பற்றியது. “நிறுத்தினால் திரும்ப வருகிறது, பிறகென்ன தீர்ந்தது?” மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி என்பது சரியே. 2012இல் லான்செட் இதழில் வெளியான தொகுப்பாய்வின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது 27 சதவீதத்தினருக்கு. வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கு. இதை மருந்தின் தோல்வியாகப் படிப்பதா, வெற்றியாகப் படிப்பதா? தினமும் மாத்திரை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போய், சம்பளம் வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவரைத் தீராத நோயாளி என்று ஒதுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

மருந்துக்கு விலை உண்டு. உடல் பருக்கிறது, சர்க்கரை ஏறுகிறது, கை நடுங்குகிறது, பகலெல்லாம் தூக்கம் அழுத்துகிறது. இவற்றை நோயாளி சொல்லும்போது “அப்படித்தான் இருக்கும், போடு” என்று அதட்டுவதும் தீராது என்ற மனப்பான்மையின் இன்னொரு முகம்தான். அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்று கேட்கும் ஆய்வுகள் இரு பக்கமும் பேசுகின்றன. நெதர்லாந்தில் முதல் முறை நோய்வாய்ப்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்றில், கவனமாக மருந்தைக் குறைத்தவர்கள் ஏழாண்டுகளுக்குப் பிறகு கூடுதலாகத் தேறியிருந்தார்கள். இங்கிலாந்தில் நீண்டகால நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ஆய்விலோ, குறைத்தவர்களுக்கு நோய் அதிகமாகத் திரும்பியது; சமூக வாழ்விலும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆகவே தானாக நிறுத்துவது ஆபத்து. கேள்வியே கேட்காமல் ஆயுள் முழுக்க ஒரே அளவை விழுங்கச் சொல்வதும் முறையல்ல. தேறுவார் என்று நம்பும் மருத்துவர்தான் ஒவ்வொரு முறையும் அளவைப் பற்றி யோசிப்பார்.

தீராது என்ற நம்பிக்கை நேரடியாகச் செய்யும் கேடு காலதாமதம். அமெரிக்காவில் 404 இளம் நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு, மருந்தோடு குடும்பத்துக்கான வழிகாட்டல், படிப்புக்கும் வேலைக்குமான துணை, மனநல ஆலோசனை எல்லாவற்றையும் ஒரே குழு தந்தால் வழக்கமான சிகிச்சையைவிட நல்ல பலன் கிடைக்கிறது என்று காட்டியது. நோய் தொடங்கிச் சீக்கிரம் வந்தவர்களுக்கே அந்தப் பலன் கூடுதலாகக் கிடைத்தது. நம் ஊரில் நடப்பது என்ன? முதலில் செய்வினை என்போம். மந்திரிப்போம். ஒரு கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பிள்ளையையும் துன்பத்தில் தள்ளுவோம். எல்லாம் முடிந்து, எல்லோரும் சோர்ந்த பிறகுதான் மருத்துவமனை. கோயிலிலும் தர்காவிலும் மன அமைதி தேடுவதை நான் குறை சொல்லவில்லை; மருந்தை விலக்கிவிட்டுத் தேடுவதைத்தான் சொல்கிறேன். இந்தியாவின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16இல், வெவ்வேறு மனநலக் குறைபாடுகளில் சிகிச்சை பெறாதவர்கள் 70 முதல் 92 சதவீதம் என்று கண்டது. தீராது என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிட்ட வீட்டுக்கு அவசரப்பட என்ன காரணம் இருக்க முடியும்?

அந்த நம்பிக்கையின் கடைக்கோடியில் ஏர்வாடி நிற்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே விட்டுச்சென்ற குடும்பங்களில் பல, வேறு வழியே இல்லை என்று மனதார நம்பியவை. வழி உண்டு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. வழியை அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் யாரும் அமைத்துத் தரவும் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு மெத்தனமும் நம்மிடம் உண்டு. வளரும் நாடுகளில் மனச்சிதைவு நோயாளிகள் நன்றாகத் தேறுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வுகள் கூறியதும், “நம் கூட்டுக்குடும்பமே பார்த்துக்கொள்ளும்” என்று பலர் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். குடும்பம் பெரிய பலம்தான். ஆனால் அந்த முடிவை அப்படியே ஏற்க முடியாது என்று 2008இல் ஆய்வாளர்கள் சிலர் மறுத்து எழுதினார்கள். அவர்களில் சென்னை ஆய்வை நடத்திய தாராவும் ஒருவர். குடும்பம் என்று சொல்லும்போது பெரும்பாலும் ஒரு தாயைத்தான் சொல்கிறோம். அவருக்கு அறுபது வயதாகும், எழுபதாகும், அவருக்கும் ஒரு நாள் முடியாமல்போகும். அரசு செய்ய வேண்டியதை அவர் தலையில் ஏற்றிவிட்டுப் பண்பாட்டைப் புகழ்வது நியாயமல்ல.

அரசு செய்ய முடியுமா? முடியும். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்கள், கோவா, சதாரா என மூன்று இடங்களில் 282 நோயாளிகளிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வு இதற்குச் சான்று. மருத்துவப் பட்டம் இல்லாத, பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்து வீடு தேடி அனுப்பினார்கள். மருந்தை நினைவூட்டினார்கள், குடும்பத்தோடு பேசினார்கள், வேலைக்கும் உதவித்தொகைக்கும் வழி காட்டினார்கள். ஓராண்டில், மருத்துவமனைக்கு மட்டும் வந்துபோனவர்களைவிட, பணியாளர்கள் வீடு தேடிச் சென்று பார்த்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். முன்னேற்றம் பெரிதல்ல. ஆனால் அது கிடைத்தது ஒரு பணியாளரின் சம்பளத்தில், ஒரு கிராமத்தின் நடுவில்.

எல்லாம் செய்தும் தேறாதவர்களைப் பற்றியும் பேச வேண்டும். அவர்களை மறந்துவிட்டு நம்பிக்கை பேசுவது கபடம். மற்ற மருந்துகளுக்கு அசையாதவர்களுக்குக் குளோசப்பின் உண்டு. 1988இல் வெளியான ஆய்வில், கைவிடப்பட்ட நிலையில் இருந்தவர்களில் 30 சதவீதத்தினர் அதற்கு இசைந்தார்கள். பழைய மருந்துக்கு இசைந்தவர்கள் 4 சதவீதம். இரத்தத்தில் வெள்ளணுக்களைக் கவனித்துவர வேண்டிய மருந்து என்பதால் பலருக்கு அது காலம் தாழ்ந்தே கிடைக்கிறது. அதற்கும் அசையாதவர்களுக்கு? சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட பானியன் அமைப்பு, ஆண்டுக்கணக்கில் விடுதிகளில் இருந்த பெண்களை நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீடுகளில் குடியமர்த்துகிறது. அவர்கள் சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், அக்கம்பக்கத்தாரோடு பேசுகிறார்கள். நோய் முழுவதும் நீங்கவில்லை. வாழ்க்கை நடக்கிறது. நோய் நீங்கிய பிறகுதான் வாழலாம் என்ற நிபந்தனையை வேறு எந்த நோயாளிக்கும் நாம் விதிப்பதில்லை.

சட்டத்தில்கூடப் பழைய தீர்ப்பின் கறை இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் மணவிலக்குக்கான காரணங்களில் ஒன்றாக மனச்சிதைவு பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. நோயின் பெயரை மட்டும் காட்டி மணவிலக்குப் பெற முடியாது, அதன் கடுமையை நிறுவ வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1988இல் தெளிவுபடுத்தியது. தொழுநோயைக் குணப்படுத்த முடியும் என்பதால் அதை மணவிலக்குக் காரணங்களிலிருந்து நாடாளுமன்றம் 2019இல் நீக்கியது. மனச்சிதைவு அங்கேயே நிற்கிறது. மறுபக்கம், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவிலும் தடைசெய்கிறது. குடும்பம் ஏற்க மறுத்தது என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசு வேலை இடஒதுக்கீட்டில் மனநோய் உள்ளவர்களையும் சேர்த்திருக்கிறது. ஆனாலும் அரசு மனநல மருத்துவமனைகளில் நடந்த ஒரு தேசிய ஆய்வு 2019இல் கண்டது: உள்ளே இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் ஓராண்டோ அதற்கு அதிகமாகவோ அங்கேயே இருந்தார்கள். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வெளியே வந்து தங்க வீடில்லை.

எனவே நான் கேட்பவை இவை. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மனநல மருந்துகளும் மாதம் ஒரு முறை போடும் ஊசியும் தட்டுப்பாடின்றிக் கிடைக்க வேண்டும். வீடு தேடிச் செல்லும் பணியாளர்கள் ஒன்றியந்தோறும் வேண்டும். தேறியவர்கள் தங்குவதற்கு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லும் இல்லங்களை அரசு கட்டித் தர வேண்டும். திருமணச் சட்டத்திலிருந்து மனச்சிதைவின் பெயரை நீக்க வேண்டும். மருத்துவர்கள் முதல் நாளில் குடும்பத்திடம் பேசும்போது, பலர் தேறுகிறார்கள் என்பதையும் நோயின் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும்.

உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை திடீரென்று தனக்குள் ஒடுங்கினால், யாரோ பேசுவதாகச் சொன்னால், தூக்கம் கெட்டு எல்லோரையும் சந்தேகித்தால், காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416க்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம்; மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உறவினர் யாராவது வந்து “இது தீராது” என்றால், நாற்பதாண்டுகளுக்கு முன் சென்னை அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்த அந்த 90 பேரைப் பற்றிச் சொல்லுங்கள். இருபதாண்டுகளுக்குப் பிறகு பார்த்தபோது, இடைவிடாமல் நோயின் பிடியிலேயே இருந்தவர்கள் அவர்களில் ஒரு சிலர்தான்.